கைமாறி வந்த இயந்திரங்களில் ஒட்டுச்சீட்டும் பசையும் நீக்கும் முறை

உழவுக்கும் நீரிறைப்பதற்கும் கதிரடிப்பதற்கும் இயந்திரங்கள் இன்று இன்றியமையாதவை ஆகிவிட்டன. புதிய இயந்திரம் வாங்கும் வசதி எல்லோருக்கும் இருப்பதில்லை. ஆகையால் பம்பு செட்டும் பவர் டில்லரும் மருந்துத் தெளிப்பானும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு வருவது சகஜம். அப்படி வரும்போது அவற்றின்மேல், ஸ்டிக்கர் என்று நாம் வழங்கும் ஒட்டுச்சீட்டுகள் பலவும் சேர்ந்தே வருகின்றன. இவற்றைச் சுரண்டி எறிவது அற்பமான வேலையாகத் தோன்றலாம். ஆனால் பெயிண்டு உரிந்து தகடு துருப்பிடிப்பதும், வேண்டிய எண் அழிந்துபோவதும், சில சமயங்களில் தீ விபத்து நேர்வதும் இந்த வேலையின்போதுதான்.

பசையின் தன்மை

முற்காலத்துச் சீட்டுகளுக்குக் கஞ்சியோ கோந்தோ தடவினார்கள். தண்ணீர் பட்டால் அவை விட்டுவிடும். 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஸ்டான்டன் ஏவரி என்பவர், அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் சீட்டுகளைத் தயாரிக்கும் தொழிலைத் தொடங்கினார். இன்றைய சீட்டுகள் பெரும்பாலும் அவ்வகையைச் சேர்ந்தவையே. இவற்றின் பசை ரப்பராலோ அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருளாலோ ஆனது. இது தண்ணீரில் கரைவதில்லை. சூடு பட்டால் இளகும். எண்ணெய் பட்டால் ஊறிப் பிடிப்பை இழக்கும். பல ஆண்டுகள் வெயிலில் கிடந்தால் இறுகிப்போகும். ஆகவே சூடு, எண்ணெய், பொறுமை ஆகிய மூன்றுமே நமக்கு வேண்டிய கருவிகள்.

முதலில் படித்துப் பார்க்க வேண்டும்

எந்தச் சீட்டையும் படிக்காமல் கிழிக்கலாகாது. விளம்பரச் சீட்டும் முன்னாள் உடைமையாளர் பெயரும் போகலாம். ஆனால் மோட்டாரின் பெயர்த் தகட்டில் குதிரை சக்தி, வோல்ட்டு, ஆம்பியர், சுற்று வேகம், வரிசை எண் ஆகியவை இருக்கும். இத்தகடு போய்விட்டால் தகுந்த ஸ்டார்ட்டரையும் ஒயரையும் தேர்ந்தெடுப்பது கடினம். டிராக்டரின் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் அதன் பதிவுச் சான்றுடன் ஒத்திருக்க வேண்டியவை. அவை பொறித்த இடத்தில் உப்புத்தாளும் உளியும் படவே கூடாது.

எச்சரிக்கைச் சீட்டுகளும் நிலைத்திருக்க வேண்டியவை. டிராக்டரின் பின்புறத்தில் விசை எடுக்கும் தண்டு சாதாரணமாக நிமிஷத்துக்கு 540 முறை சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 9 சுற்று. வேட்டி நுனி சிக்கினால் இழுத்துக்கொள்ள அவகாசம் இராது. விசையால் இயங்கும் கதிரடிக்கும் இயந்திரங்களால் நேர்ந்த அங்கச் சேதங்களைக் கருதியே 1983-ஆம் ஆண்டில் அபாயகரமான இயந்திரங்கள் முறைப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது.

தெளிப்பானில் மருந்தின் பெயர் எழுதிய சீட்டு இருந்தால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2,4-டி என்னும் களைக்கொல்லிக்குப் பயன்பட்ட தெளிப்பானில் அதன் மிச்சம் சிறிதளவு தங்கியிருந்தாலும் பருத்திச் செடி பாதிக்கப்படும். கையுறை அணிந்து, கிணற்றுக்கும் குளத்துக்கும் தொலைவில் வைத்தே தெளிப்பானைத் துப்புரவு செய்ய வேண்டும்.

நீக்கும் முறை

மின்சார இயந்திரமாயின் முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, பியூஸ் கட்டையையும் எடுத்துவிட வேண்டும். எஞ்சினாயின் அது நன்றாக ஆறியிருக்க வேண்டும். பின்னர் இவ்வரிசையில் செய்யலாம்:

1. சீட்டுள்ள பக்கத்தைச் சிறிது நேரம் வெயிலில் காட்டலாம். அல்லது வெந்நீரில் பிழிந்த துணியைச் சில நிமிஷங்கள் அதன்மேல் வைக்கலாம். ஸ்டார்ட்டருக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் நீர் புகவிடலாகாது. நெருப்புச் சுடர் காட்டுவது தவறு.

2. பிளாஸ்டிக் சீட்டாயின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல், பின்புறமாக மடித்து மெல்ல உரிக்க வேண்டும். வேகமாக இழுத்தால் சீட்டு கிழியும், பசை தங்கிவிடும். காகிதச் சீட்டாயின் மேற்பரப்பைக் கீறிவிட்டு, சோப்பு நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் காகிதம் போய்விடும்.

3. எஞ்சிய பசையின்மேல் கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவி அரைமணி நேரம் விடவேண்டும். இறுகிய பழைய பசையானால் எண்ணெய் நனைத்த துணியை இரவு முழுதும் ஒட்டி வைக்கலாம்.

4. மூங்கில் சிம்பினாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையினாலோ பசையைத் தள்ளி எடுக்க வேண்டும். பிளேடும் உளியும் பெயிண்டைக் கீறும். கீறல் விழுந்த இடத்தில் துரு தொடங்கும்.

5. அப்படியும் போகாத பசைக்கு நீலகிரித் தைலம் சில துளிகள் போதும். முதலில் மறைவான ஓர் இடத்தில் தடவிப் பார்ப்பது நலம்.

6. கடைசியாகச் சோப்பு நீரால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு தங்கினால் தூசும் உமியும் அதில் படியும். மோட்டாரின் விளிம்புகளில் இவ்வாறு தூசு படிந்தால் சூடு வெளியேறாது.

மாவு அரைக்கும் இயந்திரம், கிரைண்டர், பால் பாத்திரம் போன்ற உணவு படும் பொருள்களுக்குச் சமையல் எண்ணெயும் சோப்பும் தவிர வேறொன்றும் உபயோகிக்கலாகாது.

தவிர்க்க வேண்டியவை

தின்னர் பெயிண்டைக் கரைக்கும். பல வகைப் பிளாஸ்டிக்குகளையும் கெடுக்கும். எண்ணெயும் மண்ணெண்ணெயும் ரப்பரை உப்பச் செய்யுமாதலால் பெல்ட்டிலும் குழாயிலும் படாமல் காக்க வேண்டும். அலுமினியப் பாகங்களில் காரச் சோடா கூடாது. அது உலோகத்தையே அரிக்கும். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசு கிளப்புவது உடல்நலத்துக்குத் தீங்கு.

எல்லாவற்றிலும் கொடியது பெட்ரோல். உறைபனிக் குளிரிலுங்கூட அது தீப்பற்றும் ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து கிணற்றுக் குழியிலும் மோட்டார் அறையிலும் தேங்கி நிற்கும். சற்றுத் தூரத்தில் ஸ்டார்ட்டரில் தெறிக்கும் பொறி ஒன்றே போதும். மண்ணெண்ணெய் அவ்வளவு கொடியதன்று எனினும், ஏறத்தாழ 40 டிகிரி சென்டிகிரேடில் அதன் ஆவியும் பற்றக்கூடும். சித்திரை வெயிலில் காய்ந்த தகடு அதைவிட அதிகமாகவே சுடும். எனவே அதை நிழலில், ஆறிய தகட்டில், நெருப்பும் பீடியும் இல்லாத இடத்தில் மட்டுமே கையாளலாம். எண்ணெய்க் கந்தைகளைக் குவித்து வைக்காமல் விரித்து உலர்த்த வேண்டும்.

சீட்டின் அடியில்

சீட்டை எடுப்பதில் மற்றொரு லாபமும் உண்டு. வார்ப்பிரும்பில் விழுந்த விரிசலையும், ஒட்டுப்போட்ட இடத்தையும், துருவையும் புதுச் சீட்டு ஒன்று எளிதில் மறைத்துவிடும். பழைய இயந்திரத்தில் ஒரே ஒரு சீட்டு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், விலை பேசுமுன் அதன் அடியைப் பார்க்கும்படி கேட்பது வாங்குவோரின் உரிமை.

பஞ்சாயத்தின் பங்கு

பஞ்சாயத்துக்கோ உழவர் குழுவுக்கோ பழைய இயந்திரம் வாங்கும்போது, துப்புரவு செய்யுமுன்பே அதன் வரிசை எண்ணையும் தகட்டில் உள்ள விவரங்களையும் பதிவேட்டில் எழுதி, புகைப்படமும் எடுத்து வைப்பது நன்று. எச்சரிக்கைச் சீட்டு மங்கியிருந்தால் அதே இடத்தில், யாவரும் படிக்கும்படி பெரிய தமிழ் எழுத்தில் பெயிண்டால் எழுதிவிடலாம். இதற்குச் செலவாவது ஒரு டப்பா பெயிண்டும் ஒரு மணி நேரமுமே. இயந்திரம் ஓட்ட வரும் கூலியாளின் கையும் காலும் அந்த எழுத்தினால் காக்கப்படும்.