கோடை விடுமுறையில் பள்ளி பேட்டரிகள்

ஏப்ரல் இறுதியில் தேர்வுப் பணிகள் முடிந்ததும் ஒவ்வோர் அறையாகப் பூட்டிக்கொண்டு வருவோம். கடைசியாக மெயின் சுவிட்சை இறக்கிய பிறகுதான் மனம் நிம்மதியடையும். அந்தக் கடைசி வேலை யு.பி.எஸ். பேட்டரிகளுக்கு என்ன செய்யும் என்பதைக் கொரோனாக் காலத்தில்தான் கற்றுக்கொண்டேன். 2020 மார்ச்சில் மூடிய பள்ளியை 10, 12ஆம் வகுப்புகளுக்காக 2021 ஜனவரி 19 அன்று திறந்தோம். கணினி அறையில் யு.பி.எஸ். ஒருமுறை கத்திவிட்டு அடங்கிப்போனது. கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி ஒன்றுகூட மிஞ்சவில்லை. புதியவை வரும்வரை, மின்சாரம் போகும்போதெல்லாம் மாணவர்கள் செய்துகொண்டிருந்த வேலை பாதியில் அழிந்தது.

காரணம், 12ஆம் வகுப்பு வேதியியலில் நாம் நடத்தும் காரீய சேமிப்புக் கலம்தான். மின்னிறக்கம் நடக்கும்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட்டு படிகிறது. உடனே மின்னேற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் பெரிய படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் முழுமையாகக் கரையாது. எந்தக் கருவியுடனும் இணைக்காத பேட்டரியும் தானாகவே மின்னிறக்கம் அடையும். யு.பி.எஸ்.உடன் இணைந்திருந்தால் அந்தக் கருவியும் தன் பங்குக்குச் சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

குளிர்நாடுகளில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் குளிர்காலம் தொடங்கும்முன் படகைக் கரையேற்றி, பேட்டரியை முழுமையாக மின்னேற்றிக் கழற்றி வைப்பார்கள். மின்னிறங்கிய பேட்டரியில் அமிலம் நீர்த்துப்போவதால், மைனஸ் 10 டிகிரி வருவதற்குள் அது உறைந்து பெட்டியே வெடித்துவிடும். முழுமையாக மின்னேற்றியது மைனஸ் 50 டிகிரியையும் தாங்கும். அதன்பின் வசந்தம் வரும்வரை பெரிதாகக் கவலையில்லை.

நமக்கு அந்தச் சலுகை இல்லை. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் தானாக நடக்கும் மின்னிறக்கம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். படகு இருக்கும் கொட்டகையில் 5 டிகிரி, அன்னூரில் மே மாதத்தில் பூட்டிய அறைக்குள் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை இரட்டித்தால் எட்டு மடங்கு. அவர்களுடைய ஆறு மாதக் குளிரும் நம்முடைய மூன்று வாரக் கோடையும் பேட்டரிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். (9ஆம் வகுப்பில் அடுக்குகள் நடத்தும்போது இந்தக் கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம்.)

ஆகவே பூட்டுவதற்கு முந்தைய நாள் முழுவதும் பேட்டரி மின்னேறட்டும். பிறகு யு.பி.எஸ்.ஸை அதன் சுவிட்சிலேயே அணைத்து, பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு மெயினை இறக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் இணைத்து, ஒரு பகல் முழுவதும் மின்னேற்றினால் போதும். தேர்வு முடிவு, மாணவர் சேர்க்கை என்று மே மாதத்திலும் யாராவது பள்ளிக்கு வரத்தானே செய்கிறோம்! விடுமுறை முழுவதும் மின்சாரத்தை விட்டுவைக்கலாமே என்பார்கள். கோடைமழை இடியை நினைத்தால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

மின்னேற்றி ஓரிரவு கழித்து மல்டிமீட்டரில் பார்த்தால், 12 வோல்ட் பேட்டரி 12.6க்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே இறங்கினால் தாமதிக்காமல் மின்னேற்ற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் போன்ற இடங்களில் பல பேட்டரிகளைத் தொடராக இணைத்திருந்தால் மொத்த மின்னழுத்தம் 100 வோல்ட்டைத் தாண்டக்கூடும். மெயினை இறக்கினாலும் அந்த மின்னழுத்தம் அப்படியேதான் இருக்கும். அங்கே இணைப்பைத் துண்டிப்பது பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. நாமோ மாணவர்களோ தொடக்கூடாது. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளியேறலாம் என்பதால் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் வாலை வடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தில் படியும் வெள்ளை உப்பைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று இன்றும் பலகை தேடுகிறோம். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அது பொருந்தாது.

கிளம்பும்முன் சுவர்க் கடிகாரம், ரிமோட், வழிபாட்டுக் கூட்ட மைக் ஆகியவற்றிலுள்ள சிறிய செல்களையும் கழற்றிவிடுங்கள். ஜூன் மாதத்தில் அவை கசிந்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அரித்திருக்கும்.