பெயரும் இருப்பிடமும்

ஒரு பொருளுக்கு இட்ட பெயர் அழிந்த பின்னும் அப்பொருள் நின்று தொழில் செய்தல் கூடுமோ? கூடும் என்பதைக் கணிப்பொறி காட்டுகின்றது. ஆயினும், அதன்கண் பிழை நேருங்கால் அப்பெயரையே நாம் தேடிச் செல்ல வேண்டியவராகின்றோம். இஃது எங்ஙனமென ஈண்டுச் சுருங்க விளக்கப் புகுகின்றோம்.

நிரல் எழுதுவோர் மாறுந் தன்மையுள்ள மதிப்புகளுக்கு 'மொத்தம்', 'நாள்' என்றாற்போலப் பெயரிடுவர். இவை மாறிகள் எனப்படும். சி மொழி நிரலைக் கம்பைலர் பொறிமொழியாக்குங்கால், செயலுக்கு வேண்டாமையின் உள்மாறிகளின் பெயர்கள் ஒழிய, எண்ணிட்ட இடங்களே எஞ்சுகின்றன. எமதூராகிய வேங்கிக்காலில் எந்த வயலின்மேலும் உடையவர் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. புல எண்ணைக் கொண்டு பதிவேட்டை நோக்கியே இன்னாருடையது என்று அறிகின்றோம். அத்தகைய பதிவேடொன்றைக் கம்பைலரும், நாம் வேண்டினால், எழுதி வைக்கும். எப்பெயர், எவ்வகை மதிப்பு, எவ்விடம், நிரலின் எவ்வரி என்பன அதனுட் காணப்படும். டுவார்ஃப் என்பது அவ்வாறு எழுதும் முறைகளுள் ஒன்று. அதன் ஐந்தாம் பதிப்பு 2017-இல் வெளிவந்தது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-இல் இயற்றிய ஜி.டி.பி. போன்ற டிபக்கர்கள் இப்பதிவேட்டைப் படித்தே, வெற்றெண்களுக்கு நாம் இட்ட பெயர்களை மீட்டுக் காட்டுகின்றன. பதிவேடு இல்லையெனின் அவற்றுக்கு உள்மாறிகளின் பெயர் தெரியாது.

பைத்தான் மொழியின் வழக்கம் சிறிது வேறு. அதுவும் உள்மாறிகளை வரிசை எண்ணாலேயே கையாளுமாயினும், பெயர்ப்பட்டியலைத் தன்னுடனே வைத்துக்கொள்ளும். 2008-இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல் தமிழெழுத்தாலும் மாறிகளுக்குப் பெயரிடலாம். 'மொத்தம்' என்பதன் முதலெழுத்தில் கொம்பையும் காலையும் தனித்தனியே பதியினும், ஒரே குறியாகப் பதியினும், இரண்டையும் ஒரு பெயராகவே அது கொள்ளும்.

கடந்த விடுமுறையில் எம் தமையனார், தம் தோழரொருவருடன் கூடி, ஒரு விடுதியின் உணவுக் கணக்கிற்குப் பைத்தானில் நிரல் எழுதினார். எத்துணை முறை இயக்கினும் 'மொத்தம்' 0 என்றே வந்தது. தொகைகளைப் பதிந்த தோழர் பிழை செய்தாரென்று கருதித் தமையனார் அவரைக் கடிந்துகொண்டார். பின்னர் டிபக்கரை இயக்கி, கூட்டும் பகுதியினுள்ளே நிறுத்தி, 'மொத்தம்' யாதென வினவினார், 3,600 என்றது. ஒரு படி வெளியே வந்து அதே பெயரை வினவினார், 0 என்றது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு! உள்ளே மதிப்பு ஏற்றப்பட்ட 'மொத்தம்' அப்பகுதிக்கே உரிய புது மாறியாகிவிட்டமையின், வெளியே நின்ற 'மொத்தம்' தொடப்படவே இல்லை.

திருவண்ணாமலையைச் சூழ்ந்த ஊர்களில் அண்ணாமலை என்னும் பெயருடையார் பலர். ஒரு வீட்டினுள் நின்று அப்பெயரை அழைப்பின் அவ்வீட்டு அண்ணாமலையே விடையிறுப்பார். மாறிகளின் இயல்பும் அதுவே. டிபக்கர் பெயரை மட்டுமன்றி, அஃது எவ்வீட்டிற்கு உரியது என்பதையும் காட்டுகின்றது. பிழையைத் திருத்தும் பொறுப்பு நம்முடையதே.

தமையனார் நிரலில் ஒரு வரியைத் திருத்தினார். பின்னர்த் தோழரின் இல்லஞ் சென்று பொறுத்தருள வேண்டினார். பெயரைக் கேட்ட அளவில் பழி சுமத்தாது, எப்பொருளைக் குறித்த பெயரென ஆராய்ந்து தெளிதல் பொறிக்கு மட்டுமன்று, மாணவராகிய நமக்கும் வேண்டுவதே.