கிளிங்கர் பாதியாகக் குறையும் 'எல்சி3' சிமென்ட்: உமிழ்வைக் குறைப்பது எப்படி?

புது தில்லி: உலகின் கரியமில வாயு உமிழ்வில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியால் ஏற்படுகிறது. சூளையில் எரிக்கப்படும் நிலக்கரி மட்டும் இதற்குக் காரணமல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சுட்டு 'கிளிங்கர்' தயாரிக்கும்போது, அக்கல்லில் அடங்கியுள்ள கரியமில வாயுவே வெளியேறுகிறது. ஆலையின் உமிழ்வில் பாதிக்கும் மேற்பட்டது இதுவே. எனவே எரிபொருளை மாற்றினால் மட்டும் போதாது. கிளிங்கரையே குறைக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும், தில்லி, மும்பை, சென்னை ஐஐடிகள் உள்ளிட்டவையும் இணைந்து ஆராய்ந்த 'எல்சி3' சிமென்டில் கிளிங்கர் 50 சதவீதமே. எஞ்சியதில் 30 சதவீதம் சுட்ட களிமண். 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல் தூள். 5 சதவீதம் ஜிப்சம். களிமண்ணுக்குச் சுமார் 800 டிகிரி வெப்பம் போதும். அப்போது அதிலிருந்து பிரிவது பெரும்பாலும் நீராவிதான். இதனால் சாதாரண சிமென்டைவிட உமிழ்வு 40 சதவீதம் வரை குறையும்.

இந்திய தர நிர்ணய அமைவனம் இவ்வகை சிமென்டுக்கு ஐஎஸ் 18189 என்ற தரநிலையை 2023-இல் வெளியிட்டது. எனினும், பணியிடத்தில் சிக்கல் உண்டு. சுட்ட களிமண் நீரை அதிகம் ஈர்ப்பதால் கலவை இறுகலாக இருக்கும். கொத்தனார்கள் வழக்கம்போல் தண்ணீரைக் கூட்டினால் வலிமை குறைந்துவிடும். கலவையை இளக்கும் வேதிப்பொருளைச் சேர்ப்பதே முறை. இரும்புச்சத்து மிகுந்த களிமண்ணால் சிமென்டில் செந்நிறம் தோன்றுவதும், சாம்பல் நிறத்தையே தரமாகக் கருதும் வாடிக்கையாளர்களைத் தயங்கச் செய்யலாம்.