வெண்டையில் எட்டுக் கால்

போன சித்திரையில் எங்கள் மாடித் தோட்டத்து வெண்டை இலைகளில் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. இலையோடு போய் உரக்கடையில் காட்டினேன். கடைப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இத அடிங்கக்கா, ஒரே வாரத்துல போயிடும்" என்று ஒரு பூச்சி மருந்தை நீட்டினான். அடித்தேன். பத்து நாளில் இலை வைக்கோல் நிறமாகி, நுனியெல்லாம் மெல்லிய நூலாம்படை கட்டிவிட்டது.

பேரனின் பூதக்கண்ணாடியை வாங்கி இலையைத் திருப்பிப் பிடித்தேன். குண்டூசி முனையளவுப் புள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. சில பச்சை, சில செம்மை, முதுகில் இரண்டு கரும்பொட்டு. பேரன் எண்ணிச் சொன்னான்: "பாட்டி, எட்டுக் கால்!"

பூச்சிக்கு ஆறு கால்தான். இதைச் செம்பேன் என்கிறோம், ஆனால் பேனுக்கு இது உறவில்லை. சிலந்தி, தேள், உண்ணியின் வகையறா. ஆகவே பூச்சியைக் கொல்லும் மருந்துகளில் பல இதை ஒன்றும் செய்வதில்லை. கொல்வதெல்லாம் இதைத் தின்பவர்களைத்தான்: கடுகைவிடச் சிறிய கறுப்புப் பொறிவண்டு, செம்பேனை வேட்டையாடும் இன்னொரு சிற்றுண்ணி. காவல்காரனை நானே காசு கொடுத்து விரட்டியிருக்கிறேன். நல்ல வெயிலில் இதன் முட்டை பத்து நாளுக்குள் தாயாகிவிடும். ஆண் துணையே இல்லாவிட்டாலும் பெண் முட்டையிடும். அவை அத்தனையும் ஆணாகப் பொரியும். வெயிலும் புழுதியும் செம்பேனுக்குக் கொண்டாட்டம். எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் குறைவில்லை.

கண்ணாடி கைக்கு வந்ததும் வீட்டில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பின்கட்டுத் தென்னையில் பல வருடமாகவே காய்கள் பழுப்பு வடுவும் வெடிப்புமாகத்தான் விழுகின்றன. "தோலுதாம்மா இப்டி, உள்ள நல்லாருக்கும்" என்பார் காய் பறிக்க வருபவர். பாதி உண்மை. காய் சிறுத்திருக்கும், மட்டை இறுகி உரிப்பதற்குள் கை போய்விடும். இதுவும் சிற்றுண்ணிதான், ஈரியோபைட் என்று பெயர். மெக்சிகோவின் கெரெரோ மாநிலத்தில் எடுத்த மாதிரியை வைத்து 1965இல் பெயரிட்டார்கள். இந்தியாவில் 1998இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் முதலில் கண்டார்கள். அங்கிருந்து தமிழ்நாட்டுத் தோப்புகளுக்கு வர நாளாகவில்லை. காற்றிலேயே பரவும் உருப்படி அது. நீளம் கால் மில்லிமீட்டர், உருவம் புழு, கால் நான்கே. எட்டுக் கால் கணக்கைக் கற்ற கையோடு இப்படி ஒன்று!

அது குடியிருக்கும் இடம்தான் சாமர்த்தியம். குரும்பையின் தலையில் தொப்பிபோல் ஒட்டியிருக்கும் இதழ்களுக்கு அடியில் உட்கார்ந்து இளந்தோலைச் சுரண்டிச் சாறு குடிக்கும். மேலே தெளிக்கும் மருந்து எளிதில் உள்ளே போகாது. காய் வளர வளரச் சுரண்டிய இடம் வடுவாக வெளியே வரும். காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் சொல்வது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டுச் சாறு, 5 கிராம் சோப்பு, இளங்குலைகளில் படும்படி தெளிக்க வேண்டும். கருமாரியம்மன் குடியிருக்கும் எங்கள் ஊரில் வேம்புக்குப் பஞ்சமில்லை. மரமேற ஆள் கிடைப்பதுதான் பஞ்சம்.

பழைய மீட்டர் பெட்டிக்குள் அடுக்குத் தேனீ கூடு கட்டியிருக்கிறது. அதற்கும் ஓர் உண்ணி உண்டு: வரோவா. தேனீயின் உடம்பில் செந்நிற நண்டுபோல் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்த் தேனீக்கள் அதோடு காலங்காலமாகப் பழகியவை, ஒன்றன் உடம்பை இன்னொன்று துடைத்து அதை உதிர்த்துவிடும். வரோவாவும் ஆண் புழு அறைகளில் மட்டும்தான் பெருகும். பெட்டியில் வளர்க்கும் இத்தாலியத் தேனீக்கு அந்தப் பழக்கமில்லை. வேலைக்காரப் புழுக்களிலும் வரோவா பெருகி, சிறகைச் சுருட்டும் வைரஸைப் பரப்பிக் கூட்டையே காலி செய்துவிடும். 2022 வரை தப்பித்திருந்த ஆஸ்திரேலியாவிலும் நுழைந்து, அடுத்த ஆண்டே 'ஒழிக்க முடியாது' என்று அரசைக் கைவிரிக்க வைத்துவிட்டது.

நூம்பலிலிருந்து பால் கொண்டுவருபவரின் கன்றுக்குட்டிக்கு அந்தச் சமயம்தான் சொறி. கழுத்தில் மயிர் உதிர்ந்து, தோல் யானைத் தோலாய்த் தடித்து, எந்நேரமும் தூணில் தேய்த்துக்கொண்டே இருந்தது. பழைய என்ஜின் ஆயில் பூசியிருந்தார். தோலைக் குடைந்து, அந்தச் சுரங்கத்திலேயே முட்டையிடும் சிற்றுண்ணியின் வேலை அது. கால்நடை மருத்துவர் ஐவர்மெக்டின் ஊசி போட்டார். முட்டையை அது கொல்லாது, இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். கறவையில் இருக்கும் தாய்க்கு மட்டும் அந்த ஊசி கிடையாது, பாலில் கலந்துவிடும். ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தை ஒட்டி எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து. 2015இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது.

கன்றுக்கு மயிர் முளைத்ததும் பால்காரர் சிரித்துக்கொண்டே, "அந்த ஊசியவே ஒங்க வெண்டைக்கும் போட்டுடலாமேம்மா?" என்றார்.

அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அதே நுண்ணுயிர் தருகிற அபாமெக்டினைத்தான் செம்பேனுக்குத் தெளிக்கிறார்கள். நல்ல மருந்து, கேட்கும். தேனீக்கு மட்டும் ஆகாது. மீட்டர் பெட்டிக்காரர்கள் காலையில் முதலில் வருவது என் வெண்டைப் பூவுக்கு. அதனால் இந்தக் கோடையில் சாயங்காலமானால் ஹோஸ் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அமுக்கி, இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருக்கிறேன்.