கோலம் மறுபடியும் போடலாம்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகே மர்பி டவுன் இருக்கிறது. கண்டோன்மென்ட் காலத்தில் உருவான பழைய குடியிருப்பு இது. தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கே வாழ்கின்றன. நடந்து போகும் தூரத்தில் கோயில் உண்டு. மாதா கோயில் உண்டு. பள்ளிவாசலும் உண்டு.

இதுபோன்ற தெருக்களில் காலை நேரத்தைப் பாருங்கள். ஒருவர் வாசல் தெளித்துக் கோலம் போடுவார். ஒருவர் ஜெபமாலை சொல்வார். ஒருவர் தொழுதுவிட்டு வருவார். இன்னொருவர் ஏரிப் பக்கம் நடக்கப் போவார். சிலர் மூச்சுப் பயிற்சி செய்வார்கள்.

இவை வேறு வேறு பழக்கங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுப் பயன் உண்டு. கொஞ்ச நேரம் மனம் அடங்குகிறது. பிறகு அன்றைய வேலையைத் தாங்க முடிகிறது.

வீட்டில் தாயோ தந்தையோ இறந்துவிட்டால் இந்தப் பழக்கம் நின்றுவிடுகிறது. எப்போது அமைதி மிகவும் தேவையோ, அப்போதுதான் அது கைவிட்டுப் போகிறது. ஏன் நிற்கிறது? அதை எப்படித் திரும்பப் பிடிப்பது? பார்ப்போம்.

துக்கம் உடம்பையும் தாக்கும்

துக்கம் மனதில் மட்டும் இருப்பதில்லை. உடம்பிலும் இருக்கிறது. தூக்கம் வராது. சாப்பாடு இறங்காது. நெஞ்சு கனக்கும். சின்ன வேலைக்கே களைப்பு வரும். அடுப்பில் பால் வைத்தது மறந்து போகும். கையில் சாவியை வைத்துக்கொண்டே சாவியைத் தேடுவார்கள். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பலருக்கும் இப்படி ஆகிறது.

இதயத்துக்கும் இது கடினமான காலம். அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 1,985 பேரிடம் செய்த ஓர் ஆய்வு 2012ஆம் ஆண்டு வெளிவந்தது. நெருங்கியவர் இறந்த செய்தி வந்த முதல் நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிடப் பல மடங்கு கூடுகிறது என்று அது சொன்னது. நாட்கள் போகப் போக அந்த ஆபத்து குறைகிறது.

ஆகவே சாவு வீட்டில் ஒரு விஷயத்தை யாராவது கவனிக்க வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் மாத்திரையை விடக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு வாய் கஞ்சியாவது சாப்பிட வேண்டும். நெஞ்சு வலித்தால் ‘துக்கத்தில் அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

நிறுத்துவதற்கு நாள், தொடங்குவதற்கும் நாள்

நம் வீடுகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. இறப்பு நடந்த வீட்டில் கோலம் போடுவதில்லை. பூசை செய்வதில்லை. கோயிலுக்குப் போவதில்லை. பல குடும்பங்களில் பதினாறாம் நாள் கருமாதி நடக்கும். அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கும். ஒரு வருடம் முடிந்ததும் திவசம். கத்தோலிக்கக் குடும்பங்களில் முப்பதாம் நாள் பூசை வைப்பார்கள். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். முஸ்லிம்களுக்குத் துக்கம் பொதுவாக மூன்று நாள். கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாள்.

நாள் கணக்கு வேறுபடும். ஆனால் எல்லோரும் ஒன்றைப் புரிந்து வைத்திருக்கிறார்கள். சில நாள் எல்லாம் நின்று போவது இயல்பு. பிறகு திரும்பவும் தொடங்க வேண்டும். கருமாதிக்கு அடுத்த நாள் வாசலில் கோலம் போட்டால், இறந்தவரை மறந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

இதில் ஒரு கஷ்டமும் உண்டு. பதினாறு நாளும் வீடு நிறைய ஆள் இருக்கும். காரியம் முடிந்ததும் உறவினர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வீடு வெறிச்சென்று ஆகிவிடும். உண்மையான துக்கம் பலருக்கு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. பழைய பழக்கம் அதிகம் உதவக்கூடிய நாளும் அதுவே.

எல்லோரும் ஒரே மாதிரி அழுவதில்லை

காந்தியடிகள் இங்கிலாந்தில் சட்டம் படித்தபோது அவருடைய தாயார் புத்லிபாய் இறந்தார். தூர தேசத்தில் தனியாக இருக்கும் தம்பி தாங்க மாட்டான் என்று அண்ணன் செய்தியை மறைத்துவிட்டார். 1891இல் பம்பாயில் கப்பலை விட்டு இறங்கிய பிறகே காந்திக்கு விஷயம் தெரிந்தது. தந்தை இறந்தபோது இருந்ததைவிட இப்போது துக்கம் பெரிதாக இருந்தது என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் கதறி அழவில்லை. வழக்கம்போல வேலைகளைப் பார்த்தார்.

அழாதவருக்குத் துக்கம் இல்லை என்று நினைக்கக் கூடாது. அதிகம் அழுகிறவர் பலவீனமானவர் என்றும் நினைக்கக் கூடாது.

உட்கார்ந்தால் அழுகை வருகிறதே

ஒரு பெண் தினமும் காலையில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருவார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அப்பா இறந்துவிட்டார். ஒரு மாதம் கழித்து மறுபடியும் உட்காருகிறார். முன்பு போல அமைதி வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் கண்முன் வருகிறது. ‘இன்னும் கொஞ்சம் முன்னாலேயே டாக்டரிடம் காட்டியிருக்கலாமோ’ என்ற எண்ணம் வருகிறது. அழுகை வருகிறது. ‘இது எனக்கு இனி உதவாது’ என்று எழுந்துவிடுகிறார்.

இங்கே என்ன நடந்தது? பகல் முழுவதும் வேலை இருக்கிறது. பேச்சு இருக்கிறது. டி.வி. சத்தம் இருக்கிறது. துக்கம் ஓரமாக நிற்கிறது. சத்தம் அடங்கியதும் அது முன்னே வருகிறது. பயிற்சி கெட்டுப் போகவில்லை. அவருக்குத் தெரியாமல் போனதும் இல்லை. அழுகைக்கு இடம் கிடைத்திருக்கிறது.

நெதர்லாந்து நாட்டில் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் ஒரு கருத்தைச் சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் போய் வருகிறார். சில நேரம் இழந்தவரை நினைத்து அழுகிறார். சில நேரம் அன்றாட வேலைக்குத் திரும்புகிறார். இப்படிப் போய் வருவதே இயல்பு. எப்போதும் அழுதுகொண்டிருக்கவும் முடியாது. எப்போதும் மறந்திருக்கவும் முடியாது. ஊஞ்சல் இரண்டு பக்கமும் ஆடுவது போல என்று நினைத்துக்கொள்ளலாம்.

அமைதிப் பழக்கம் துக்கத்தைத் துடைத்து எடுத்துவிடாது. ஊஞ்சல் ஒரே பக்கம் சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள உதவும். அவ்வளவுதான் அதனிடம் எதிர்பார்க்க வேண்டும்.

மூச்சு செய்யும் வேலை

பயமும் துக்கமும் வரும்போது மூச்சு மேலோட்டமாக ஓடும். இதயம் வேகமாகத் துடிக்கும். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் நடுவே போகும் ஒரு நீண்ட நரம்பு இந்த வேலையைச் செய்கிறது.

இத்தாலி நாட்டு மருத்துவர் லுச்சியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 23 பேரை லத்தீன் மொழியில் மாதாவை வாழ்த்தும் ஜெபத்தைச் சொல்ல வைத்தார்கள். பிறகு ஒரு பௌத்த மந்திரத்தைச் சொல்ல வைத்தார்கள். சாதாரணமாக ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். ஜெபம் சொன்னாலும் மந்திரம் சொன்னாலும் அது சுமார் 6 முறையாகக் குறைந்தது.

பெங்களூரில் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை உள்ளது. மனநலத்துக்கும் நரம்பு நோய்க்கும் நாட்டில் பெயர் பெற்ற நிறுவனம் அது. 2011இல் வெளிவந்த அங்குள்ளவர்களின் ஆய்வில் 12 பேர் ‘ஓம்’ என்று நீட்டிச் சொன்னார்கள். அப்போது மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புள்ள பகுதிகளின் வேலை குறைந்தது. ‘ஸ்ஸ்’ என்று ஒலி எழுப்பியபோது அப்படி நடக்கவில்லை.

இவை சிறிய ஆய்வுகள். நலமாக இருந்தவர்களிடம் செய்தவை. இவற்றால் துக்கம் தீரும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் செய்துவந்த ஜெபத்துக்கும் மந்திரத்துக்கும் உள்ளே மெதுவான மூச்சு இருக்கிறது. கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் அந்த மூச்சை விடலாம்.

எப்படித் திரும்பத் தொடங்குவது?

● முன்பு அரை மணி நேரம் செய்திருக்கலாம். இப்போது 2 நிமிடம் போதும். பெரிய கோலம் வேண்டாம். நான்கு புள்ளிக் கோலம் போடுங்கள்.

● ஒரே நேரத்தில் செய்யுங்கள். காலை டீ குடித்ததும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

● வசதியாக உட்காருங்கள். கண்ணை மூடப் பயமாக இருந்தால் திறந்தே வைத்திருங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

● உட்கார முடியவில்லையா? நடங்கள். ஏரிக்கரையிலோ தெருவிலோ மெதுவாக நடக்கலாம். கால் தரையில் படுவதைக் கவனித்துக்கொண்டே நடக்கலாம்.

● அழுகை வந்தால் அழுங்கள். அழுது முடித்துவிட்டு ஒரு மூச்சு விட்டாலும் அன்றைய கணக்கில் சேரும்.

● ஒரு நாள் விட்டுப் போனால் அடுத்த நாள் தொடருங்கள்.

பழக்கமே வலித்தால்

சிலருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்ததே இறந்துபோன அம்மாவாக இருக்கும். கோலமாவு டப்பாவைத் தொட்டாலே அம்மாவின் கை நினைவுக்கு வரும். அப்பாவோடு சேர்ந்து நடந்த பாதையில் தனியாக நடக்கக் கால் வராது.

அப்படியானால் அவசரம் வேண்டாம். நேரத்தை மாற்றலாம். பாதையை மாற்றலாம். அக்காவையோ பக்கத்து வீட்டுக்காரரையோ துணைக்குக் கூப்பிடலாம். சில மாதம் வேறு ஒன்றைச் செய்யலாம். பின்னால் ஒரு நாள் அதே கோலத்தைப் போடும்போது, வலியோடு சேர்ந்து ஓர் ஆறுதலும் வரக்கூடும். அம்மா கற்றுக் கொடுத்தது தன் விரலில் இருக்கிறது என்பது தெரியும்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

துக்கத்தை மறக்கக் குடிப்பது பல வீடுகளில் நடக்கிறது. அது தூக்கத்தைக் கெடுக்கும். மனச்சோர்வை அதிகமாக்கும். அடுத்த துக்கத்துக்கு வழி வைக்கும்.

ஆறு மாதத்துக்கு மேலும் துக்கம் சற்றும் குறையாமல், வேலையும் வீடும் நடக்க முடியாமல் போனால் அது சிகிச்சை தேவைப்படும் நிலையாக இருக்கலாம். 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டுள்ளது. இதற்குச் சிகிச்சை உண்டு.

‘நானும் போய்விட்டால் நல்லது’ என்ற எண்ணம் வந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு உதவித் தொலைபேசி 2022 அக்டோபரில் தொடங்கியது. அதன் எண் 14416. கட்டணம் இல்லை. இரவிலும் பகலிலும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

துக்க வீட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கருமாதி முடிந்த அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு ஒரு முறை போய் வாருங்கள். ‘நாளைக்குக் காலையில் நடக்கப் போகிறேன், நீயும் வா’ என்று கூப்பிடுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் மன அமைதிக்காகச் செய்யும் பழக்கம் எது? அதை யாரிடம் கற்றீர்கள்?

2. துக்க வீட்டில் எதையெல்லாம் நிறுத்துவார்கள்? எந்த நாளில் திரும்பத் தொடங்குவார்கள்?

3. பெற்றவரை இழந்த ஒருவர் உங்கள் தெருவில் இருக்கிறாரா? இந்த வாரம் அவருக்காக நீங்கள் என்ன செய்யலாம்?