எந்த ஸ்கேல்? முதல்ல யாரைக் கேட்கணும்?

இன்னைக்கு நான் பண்ண ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

காலேஜ் பேண்ட்ல நான் கிட்டாரிஸ்ட், அரேஞ்ச்மென்ட்டும் நான்தான். ஒரு பாட்டை இ மேஜர்ல, அதாவது நம்ம ஊர்க் கணக்குல 3 கட்டையில போட்டேன். கிட்டாரோட தடிச்ச கம்பியே இ. சும்மா தட்டினாலே கும்முனு நிக்கும். ஆல்டோ சாக்ஸ் வாசிச்ச ஜூனியர், "அண்ணா, அரைக் கட்டை இறக்கலாமா?"ன்னு கேட்டான். "போய் பிராக்டிஸ் பண்ணுடா"ன்னுட்டேன். மேடையில தடுமாறினான். எல்லார் முன்னாடியும் திட்டினேன். அடுத்த வாரமே பேண்டை விட்டுப் போயிட்டான்.

பின்னாடிதான் புரிஞ்சது. ஆல்டோ சாக்ஸ் ஒரு இ ஃப்ளாட் வாத்தியம். தாளில் 'சி'ன்னு இருக்கறதை ஊதினா, நம்ம காதுல விழறது இ ஃப்ளாட். அதனால நாம இ மேஜர்னு சொன்னா, அவன் தாளில் வர்றது சி ஷார்ப் மேஜர். ஏழு ஷார்ப்! டி ஃப்ளாட்னு மாத்தி எழுதினாலும் அஞ்சு ஃப்ளாட். அவன் கேட்டபடி 2½ கட்டைக்கு, இ ஃப்ளாட்டுக்கு இறக்கியிருந்தா? அவனுக்கு வெறும் சி மேஜர். ஒரு ஷார்ப்கூட கிடையாது. பி ஃப்ளாட் டிரம்பெட்டுக்கு எஃப் மேஜர், ஒரே ஒரு ஃப்ளாட்.

எனக்கு? முதல் ஃப்ரெட்ல கேப்போ மாட்டி, டி மேஜர் கார்ட்ஸ் பிடிச்சா முடிஞ்சது. கீபோர்டுல டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கு. வயலினுக்குத்தான் கொஞ்சம் நஷ்டம். ஜி, டி, ஏ, இ என்ற நாலு கம்பியில், ஏ-வும் இ-யும் அந்த ஸ்கேலிலேயே இல்லை. எஃப் மேஜருக்கு, 4 கட்டைக்கு ஏத்தினா நாலு கம்பியும் உள்ளே வந்துடும். சாக்ஸுக்கும் டி மேஜர், ரெண்டே ஷார்ப். ஆனா பாடறவங்களுக்கு உச்சி ஸ்வரம் எட்டணுமே!

அதனால இப்போ நான் கேட்கிற வரிசை இதுதான். முதல்ல பாடறவங்க: எது வரைக்கும் மேல போகும், எது வரைக்கும் கீழ இறங்கும்? அடுத்து ஊதறவங்க. அப்புறம் வயலின். கடைசியில்தான் கிட்டாரும் கீபோர்டும். கேப்போ, பட்டன்னு தப்பிக்க வழி இருக்கறவங்க கொஞ்சம் காத்திருக்கலாம். தொண்டைக்கு அப்படி ஒரு பட்டன் கிடையாது.

போன வாரம் அவனுக்கு போன் பண்ணி, தப்பு என்னோடதுதான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சிரிச்சான். "அரைக் கட்டைதானே அண்ணா கேட்டேன்?"