பாம்பன் பாலம்: ரயில் போகும்போது பாரம் கயிற்றின் மேல் இல்லை

2025 ஏப்ரல் 6, ஞாயிறு அன்று புதிய பாம்பன் ரயில் பாலத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். அன்றே ராமேசுவரம் – தாம்பரம் புதிய ரயிலும் கிளம்பியது. காரைக்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, திருவாரூர், மயிலாடுதுறை வழி. டெல்டாவிலிருந்து வந்த கடிதங்களில் ஒரே பயம்தான் திரும்பத் திரும்ப: கயிற்றில் தொங்கும் பாலத்தில் ரயில் விடலாமா? குஜராத்தின் மோர்பி தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்தது 2022இல்தான். பயம் நியாயமானது.

ஆனால் பாம்பன் தொங்குபாலம் இல்லை. மோர்பியில் ஆட்களின் பாரம் எந்நேரமும் வடத்தின் மேல்தான். பாம்பனில் ரயில் போகும்போது, 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி இருபுறத் தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கும். பாரத்தைத் தூண்கள் வாங்கிக்கொள்ளும். கப்பலுக்கு வழிவிடும்போதுதான் கயிற்றுக்கு வேலை.

அந்த வேலை அழகானது. நடுப்பகுதியின் எடை சுமார் 660 டன். அதை 17 மீட்டர் உயர்த்த மோட்டார் அத்தனை பாரத்தையும் இழுக்க வேண்டியதில்லை. இரு கோபுரங்களிலும் கப்பிகளின் மேல் ஓடும் கயிறுகளின் மறுமுனையில் ஏறக்குறைய அதே எடைக்குப் பாரக்கட்டிகள் தொங்குகின்றன. ஏற்றத்தின் துலாவில் பின்முனையில் கட்டிய கல் சாலைத் தூக்கிக்கொடுப்பது போலத்தான்: கட்டி இறங்க, பாலம் ஏறும். மோட்டார் உராய்வையும் எஞ்சிய சிறு வித்தியாசத்தையும் சமாளித்தால் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: இரு முனைகளும் ஒரே அளவில் ஏறி இறங்க வேண்டும். ஒரு முனை முந்தினால் பாலம் சாயும்.

இந்தியாவின் முதல் செங்குத்துத் தூக்குப் பாலம் என்கிறது ரயில்வே. இதே வகையைக் கட்டிப் பழகிய கை இங்கே இல்லை என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. 2024 நவம்பரில் சோதித்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், திட்டமிடுவதிலேயே குறை கண்டார். ரயில்வேயின் சொந்தத் தர அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. இந்த வடிவமைப்பிலிருந்து விலகி நின்றதைத் தவறான முன்னுதாரணம் என்றார். அவர் ரயில்வேக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். வெளிநாட்டு நிறுவனம் வடிவமைத்தது, சென்னை, மும்பை ஐ.ஐ.டி.கள் சரிபார்த்தன என்பது ரயில்வே அமைச்சகத்தின் பதில். பிறகு ஐவர் குழு ஒன்றையும் அமைத்தது. ரயில் விட ஆணையரே அனுமதி தந்தார் என்பதும் உண்மை. ஆனால் ஆர்.டி.எஸ்.ஓ. ஏன் விலகி நின்றது என்பதற்கு ஐ.ஐ.டி. பெயர் பதிலாகாது. நூறாண்டு நிற்கும் என்ற பேச்சையும், உப்புக்காற்றில் கயிறும் பற்றவைப்பும் சோதிக்கப்படும் ஒவ்வோர் ஆண்டும்தான் நிரூபிக்க வேண்டும்.

வேகம்? தூக்குப் பகுதியில் மணிக்கு 50 கி.மீ., மற்ற இடத்தில் 75.

பழைய பாலம்? 1914இல் திறந்தது, 2022 டிசம்பரிலிருந்து ரயில் இல்லை.

தனுஷ்கோடிக்கு ரயில்? இல்லை. ராமேசுவரத்தோடு சரி.

கும்பகோணம், தஞ்சாவூர்? புதிய வண்டி வராது, போட் மெயில் உண்டு.

புயல் காலம்? பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தொட்டால் சிக்னல் சிவப்பானது; புதிய பாலத்திலும் பலத்த காற்றில் ரயில் நிற்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.